எரேமியாவைக் கால வரிசையில் வாசிப்பது எப்படி?

நெய்தல்வாசகன் (கேள்வி)

வேத ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்காக எரேமியா புத்தகத்துக்கு 12 வாரப் பாடத்திட்டம் தயாராக வேண்டும். 1-ம் அதிகாரம் முதல் 52 வரை நேராகப் போனால் சரித்திரம் பிடிபடுவதில்லை. 21-ல் சிதேக்கியா முற்றுகைக்குள் இருக்கிறான். 24-ல் யோயாக்கீன் சிறைப்பட்டுப் போன கொஞ்ச நாள். முற்றுகைக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது. 25-ல் அதற்கும் முந்தைய யோயாக்கீமின் 4-ம் வருஷம். 26 இன்னும் பின்னால் போகிறது. 27, 28 மறுபடியும் சிதேக்கியா. 32 முதல் 34 வரை முற்றுகை நடக்க, 35-லும் 36-லும் மீண்டும் யோயாக்கீம் சிம்மாசனத்தில்!

கேள்விகள் இவை. எந்த அதிகாரங்களுக்குத் தேதி உறுதி, எவற்றுக்கு இல்லை? 27:1-ல் யோயாக்கீம் என்றும், இரண்டே வசனம் தள்ளி 27:3-ல் சிதேக்கியா என்றும் வருவதை எப்படி எடுத்துக்கொள்வது? கூடவே வாசிக்க வேண்டிய சரித்திரப் பகுதிகள் எவை? பழைய மொழிபெயர்ப்பைத்தான் பயன்படுத்துகிறோம்.

---

பனையோலை

தேதியைத் தொடுவதற்கு முன்னால் பெயர்களைச் சரிசெய்துவிடுங்கள். குழுவில் பாதிக் குழப்பம் அங்கேதான் வரும். 22:11-ல் வரும் சல்லூம், 2 இராஜாக்களில் வரும் யோவாகாஸ். கோனியா, எகொனியா, யோயாக்கீன் மூவரும் ஒரே ஆள்; யோயாக்கீம் அவனுடைய தகப்பன். சிதேக்கியாவின் இயற்பெயர் மத்தனியா. 29:21-ல் ஒரு சிதேக்கியா வருகிறான். அவன் ராஜா இல்லை, பாபிலோனில் இருந்த கள்ளத் தீர்க்கதரிசி. பஸ்கூர் இரண்டு பேர்: 20:1-ல் எரேமியாவை அடித்து தொழுமரத்தில் போட்டவன் இம்மேரின் மகன், 21:1-ல் ராஜா அனுப்பியவன் மல்கியாவின் மகன். கெமரியாவும் இரண்டு, கெதலியாவும் இரண்டு. ஒரு தாளில் தகப்பன் பெயரோடு எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள்.

இனி வரிசை.

யோசியா (கி.மு. 640–609): அழைப்பு 1-ம் அதிகாரம், யோசியாவின் 13-ம் வருஷம், அதாவது 627 வாக்கில். 2 முதல் 6 வரை பெரும்பாலும் இந்தக் காலம். 3:6 யோசியாவின் பெயரையே சொல்கிறது. கூடவே 2 இராஜாக்கள் 22, 23. யோசியா 609-ல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் சாகிறான். மூன்று மாதம் ஆண்ட யோவாகாஸுக்கு 22:10-12 மட்டும்தான்.

யோயாக்கீம் (609–598): ஆட்சித் தொடக்கம் 26. ஆலயத்தில் பேசிய அந்தப் பேச்சின் முழு வடிவம் 7-ல் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் வாசியுங்கள்: 7-ல் பேச்சு, 26-ல் அதற்கு வந்த கொலை மிரட்டல். மீகாவின் வார்த்தையை மூப்பர்கள் மேற்கோள் காட்டி எரேமியாவைக் காப்பாற்றுவதும் (26:18, மீகா 3:12), அதே சமயம் உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எகிப்திலிருந்து பிடித்துவரப்பட்டு வெட்டப்படுவதும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. நூறு வருஷத்துக்கு முந்தைய தீர்க்கதரிசனம் நீதிமன்றத்தில் முன்னுதாரணமாக நிற்கும் இடம் வேதாகமத்தில் வேறு எங்கே இருக்கிறது? இங்கே நிதானமாக நில்லுங்கள்.

அடுத்து 605. முழுப் புத்தகத்துக்கும் ஆணி இந்த வருஷம்தான். கர்கேமிஸில் நேபுகாத்நேச்சார் எகிப்தை முறியடித்தான். யோயாக்கீமின் 4-ம் வருஷம் என்று தலைப்பிட்ட பகுதிகளை எண்ணிப் பாருங்கள்: 25:1, 36:1, 45:1, 46:2. நான்கும் நான்கு மூலையில் கிடக்கின்றன. 46:2-12, 25, 36:1-8, 45 என்ற வரிசையில் சேர்த்து வாசித்தால் போர், அதன் பொருள், அதை எழுதிவைத்தது, எழுதிய பாருக்கின் மனவேதனை என்று தொடர்ச்சியாக வரும்.

பிறகு 36:9-32: 5-ம் வருஷம், 9-ம் மாதம், உபவாசநாள். பாபிலோனிய நாளாகமப் பலகையின்படி (வேதாகமத்தின் நாளாகமம் இல்லை, பாபிலோன் ராஜாக்களின் செயல்களை வருஷவாரியாகப் பதிந்த களிமண் பலகை) நேபுகாத்நேச்சார் தன் முதல் வருஷத்து கிஸ்லேவ் மாதத்தில், 604-ன் கடைசியில், அஸ்கலோனைப் பிடித்துப் பாழாக்கினான். கிஸ்லேவ்தான் 9-ம் மாதம். யூதா ஏன் திடீரென்று உபவாசம் கூறியது என்று வசனம் சொல்லவில்லை. ஆனால் எருசலேமிலிருந்து இரண்டு மூன்று நாள் நடைத் தூரத்தில் ஒரு பெலிஸ்தப் பட்டணம் எரிந்த அதே மாதம் அது. அஸ்கலோனைப் பற்றிய 47-ஐ இதோடு சேருங்கள். 35 (கூடாரங்களில் வாழ்ந்த ரேகாபியர் குடும்பம்) யோயாக்கீமின் கடைசிக் காலம். பாபிலோனியப் படைக்குப் பயந்து அவர்கள் பட்டணத்துக்குள் வந்ததாக 35:11 சொல்கிறது.

யோயாக்கீன்: 13:18-19, 22:24-30. கூடவே 2 இராஜாக்கள் 24.

சிதேக்கியா, முற்றுகைக்கு முன்: 24, 29, 27, 28, 51:59-64. 28:1-ம் 51:59-ம் 4-ம் வருஷம் (594/593) என்கின்றன. ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் தூதர்கள் எருசலேமில் கூடியதற்குச் சற்று முன்னால், 595/594-ல், பாபிலோனிலேயே ஒரு கலகம் எழுந்து அடக்கப்பட்டதாக அதே நாளாகமம் பதிந்திருக்கிறது. அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும்" என்று சொன்னபோது ஜனங்கள் நம்பியதற்கு அரசியல் காரணமும் இருந்தது. அவன் சொன்னது 5-ம் மாதம். 7-ம் மாதம் இறந்தான்.

முற்றுகை: 21, 34:1-7, 34:8-22, 37, 32, 33, 38, 39:15-18. இந்த வரிசையில் ஒரு கண்ணியும் தவறக் கூடாது. அடிமைகளை விடுதலை பண்ணியவர்கள் ஏன் திரும்பப் பிடித்தார்கள் என்பது 34-ஐ மட்டும் வாசித்தால் புரியாது. 37:5-ல் எகிப்தியப் படை வர, கல்தேயர் முற்றுகையை விட்டுப் போனார்கள். ஆபத்து நீங்கியது என்று நினைத்துத்தான் உடன்படிக்கையை மீறினார்கள். 34:21-ல் "உங்களைவிட்டுப் போன படை" என்ற குறிப்பு அதுதான். அந்த இடைவெளியில் பென்யமீன் நாட்டுக்குப் புறப்பட்ட எரேமியா வாசலில் பிடிபடுகிறார். அதன் பிறகே காவற்சாலை முற்றத்தில் இருந்தபடி நிலம் வாங்கும் 32 வருகிறது.

விழுந்த பிறகு: 39:1-14, 52, 40 முதல் 44 வரை, 2 இராஜாக்கள் 25.

27:1 பழைய எழுத்துப்பிழை. 26:1-ன் தொடக்க வரி 27-க்கும் நகலாகிவிட்டது. 27:3, 27:12, 28:1 மூன்றும் சிதேக்கியா என்று தெளிவாகச் சொல்கின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் (செப்துவஜிந்த்) அந்த முதல் வசனமே கிடையாது.

---

சுருள்தேடி

வரிசை நன்றாக இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் புத்தகத்தின் பாதியை இழப்பீர்கள். தேதியே இல்லாத பகுதிகள் ஏராளம்: 8 முதல் 20 வரையில் பெரும்பகுதி, 30, 31. எரேமியாவின் புலம்பல் ஜெபங்கள் (11:18–12:6, 15:10-21, 17:14-18, 18:18-23, 20:7-18) எந்த ராஜாவின் காலத்தவை என்று அடித்துச் சொல்ல முடியாது. 20:7-18-ஐ பஸ்கூரின் அடியோடு சேர்ப்பது புத்தகத்தின் ஏற்பாடு. அதே இரவில் பாடியது என்று யாராவது சொன்னால் அது ஊகம். இவற்றைக் கட்டாயப்படுத்தி ஒரு வருஷத்துக்குள் திணிக்காதீர்கள். தனியாக ஒரு வாரம் கொடுங்கள்.

குழப்பமாகத் தெரியும் இந்த அமைப்புக்கும் ஒரு முறை உண்டு. 21:11-ல் "யூதா ராஜாவின் வீட்டாரைக் குறித்து" என்று ஒரு தலைப்பு. 23:9-ல் தீர்க்கதரிசிகளைக் குறித்து இன்னொன்று. 46:1-ல் ஜாதிகளைக் குறித்து. தொகுத்தவர் காலத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துக் கட்டுகளாகப் பிரித்திருக்கிறார். கடைசி ராஜாவான சிதேக்கியா 21-ல் முதலில் வருவது ராஜாக்கள் கட்டின் முகப்பாக. பிறகு சல்லூம், யோயாக்கீம், கோனியா என்று வரிசையாக விசாரித்து, 23:5-ல் நீதியுள்ள கிளையில் முடிகிறது. கால வரிசைக்காக 22-ஐ நான்கு துண்டாக்கினால் இந்த ஓட்டம் போய்விடும். ஆகவே 21:11–23:8-ஐ ஒரு தடவையாவது முழுசாக வாசியுங்கள்.

45-ம் அப்படித்தான். தேதிப்படி 605, ஆனால் எகிப்துக்குப் போன கதைக்குப் பிறகு வைத்திருக்கிறார்கள். எருசலேம், ஆலயம், ராஜா எல்லாம் போனபின், "உன் பிராணனை உனக்குத் தருவேன்" என்று எழுத்தனுக்குச் சொன்ன வாக்கு நிறைவேறி நிற்பதை வாசகன் கண்ணால் பார்க்கும் இடம் அது. முன்னால் இழுத்தால் அந்தப் பலம் குறையும்.

புத்தகம் எப்படி வளர்ந்தது என்பதற்குச் சாட்சி 36-லேயே உண்டு. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா எழுத்தனின் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். 36:32-ல் இரண்டாவது சுருள் எழுதும்போது முந்தியவற்றோடு அதேபோன்ற அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டன. அதன் பின்னும் வளர்ச்சி நிற்கவில்லை. 51:64 "எரேமியாவின் வசனங்கள் இம்மட்டும்" என்று முடிகிறது. 52 பெரும்பாலும் 2 இராஜாக்கள் 24:18–25:30-ஐ ஒட்டிய பின்னிணைப்பு.

கிரேக்க எரேமியா எபிரேயத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. அதில் ஜாதிகளைக் குறித்த பகுதி 25:13-க்குப் பின் நடுவில் வருகிறது, கடைசியில் இல்லை. 33:14-26 முழுவதும் இல்லை, 39:4-13 இல்லை, 52:28-30 இல்லை. மொழிபெயர்ப்பாளர் சுருக்கிவிட்டார் என்றுதான் வெகுகாலம் எண்ணினார்கள். 1952-ல் சவக்கடல் அருகே கும்ரானின் 4-ம் குகையில் கிடைத்த துண்டுகளில் இரண்டு எபிரேயத்திலேயே அந்தக் குட்டை வடிவத்தைக் காட்டுகின்றன. உதாரணமாக 10:6-8 அங்கும் இல்லை. நீண்ட வடிவத்தின் துண்டுகளும் அதே குகையில் கிடைத்தன. ஆக இரண்டு வடிவங்களும் எபிரேயத்தில் அருகருகே வழங்கின.

---

நெய்தல்வாசகன்

மிக்க நன்றி. 52-ஐத் தயாரிக்கும்போது ஒரு சிக்கல். 52:12-ல் நேபுகாத்நேச்சாரின் 19-ம் வருஷம் ஆலயம் எரிந்தது. 52:29-ல் 18-ம் வருஷம் சிறைப்பிடித்தான். அதுபோல 2 இராஜாக்கள் 24:12-ல் 8-ம் வருஷம், எரேமியா 52:28-ல் 7-ம் வருஷம். எருசலேம் விழுந்தது 587 என்று சில புத்தகங்கள், 586 என்று சில. குழுவில் நிச்சயம் கேட்பார்கள்.

---

நிசான்14

எண்ணும் முறை இரண்டு. பாபிலோனில் ராஜா பட்டமேறிய வருஷத்தின் மீதி மாதங்களை "பட்டமேறிய வருஷம்" என்று தனியாக வைத்துவிட்டு, அடுத்த நிசானிலிருந்து (வசந்தத்தில் வரும் முதல் மாதம்) 1 என்று எண்ணுவார்கள். இன்னொரு முறையில் பட்டமேறிய வருஷமே 1. நேபுகாத்நேச்சார் 605 செப்டம்பரில் பட்டமேறினான். பாபிலோன் கணக்கில் அவன் 1-ம் வருஷம் 604 நிசானில் தொடங்குகிறது. மற்றக் கணக்கில் 605-ஏ 1.

எரேமியா 25:1 யோயாக்கீமின் 4-ம் வருஷத்தை (605) நேபுகாத்நேச்சாரின் முதலாம் வருஷம் என்கிறது. ஆக அங்கே இரண்டாவது முறை. அதே முறையில் 2 இராஜாக்கள் 24:12-ன் 8 என்பதும் 52:28-ன் பாபிலோனியக் கணக்கான 7 என்பதும் ஒரே வருஷம். 52:12-ன் 19-ம் 52:29-ன் 18-ம் அப்படியே. 52:28-30 வேறொரு பட்டியலிலிருந்து வந்தது என்பதற்கு அதன் எண்களும் சாட்சி: 3,023, 832, 745, மொத்தம் 4,600. 2 இராஜாக்கள் 24:14-ல் 10,000 என்று வட்ட எண்.

முதல் சிறையிருப்பின் நாள் உறுதியானது. டொனால்ட் வைஸ்மன் 1956-ல் வெளியிட்ட நாளாகமப் பலகை, நேபுகாத்நேச்சாரின் 7-ம் வருஷம் ஆதார் மாதம் 2-ம் தேதி யூதாவின் பட்டணத்தைப் பிடித்தான், ராஜாவைச் சிறைபிடித்தான், தனக்கு இஷ்டமான ஒருவனை ராஜாவாக்கினான் என்கிறது. நம் கணக்கில் கி.மு. 597 மார்ச் 16. அந்தப் பலகை 594-ஓடு நின்றுவிடுவதால் இரண்டாவது வீழ்ச்சிக்கு இப்படிப்பட்ட சாட்சி கையில் இல்லை. 587-ஆ 586-ஆ என்ற விவாதம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சிதேக்கியாவின் வருஷங்களை நிசானிலிருந்து (வசந்தம்) எண்ணினால் 11-ம் வருஷம் 4-ம் மாதம் 587 ஜூலை. முற்றுகை 18 மாதம். திஷ்ரியிலிருந்து (இலையுதிர்காலம்) எண்ணினால் 586 ஜூலை. முற்றுகை 30 மாதம். 588 ஜனவரியில் தொடங்கியது என்பது இரண்டிலும் பொதுவானது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. வருஷம் எந்த மாதத்தில் தொடங்கினாலும், மாதங்களின் எண் எப்போதும் நிசானிலிருந்துதான். 36:22 இதை நிரூபிக்கிறது: 9-ம் மாதம் ராஜா குளிர்கால வீட்டில் கணப்பின் முன் உட்கார்ந்திருக்கிறான். திஷ்ரியிலிருந்து 9 எண்ணினால் கோடைகாலம் வந்துவிடும், நெருப்பு எதற்கு? ஆகவே வருஷத்தை மாற்றும்போது மாதத்தையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.

25:1, 32:1, 52:12, 52:29 நான்கையும் திருத்தமில்லாமல் ஒன்றாகப் பொருத்துவது 587 என்பதால் நான் அதையே எடுப்பேன். 586 தரப்பின் பலமான வாதம் எசேக்கியேல் 33:21: தப்பி வந்தவன் சிறையிருப்பின் 12-ம் வருஷம் 10-ம் மாதம் செய்தி கொண்டுவருகிறான். 587 என்றால் செய்தி வர ஒன்றரை வருஷம் ஆனதாகிறது. சில எபிரேயக் கையெழுத்துப் பிரதிகளிலும் சீரிய மொழிபெயர்ப்பிலும் 11-ம் வருஷம் என்றிருப்பது 587-க்குக் கைகொடுக்கிறது. குழுவில் இரண்டையும் சொல்லுங்கள்.

---

மண்முத்திரை

தொல்பொருள் சான்று காட்டுவதானால் எது தோண்டியெடுத்தது, எது சந்தையில் வாங்கியது என்று பிரித்துவிடுங்கள். இணையத்தில் சுற்றும் படங்களில் இந்த வித்தியாசம் அழிந்துபோகிறது.

உறுதியானவை: தாவீதின் நகரத்தில் யிகால் ஷிலோ நடத்திய அகழ்வில் 1982-ல் ஐம்பதுக்கு மேற்பட்ட களிமண் முத்திரைகள் ஒரே வீட்டில் கிடைத்தன. பட்டணத்தை எரித்த நெருப்பே அவற்றைச் சுட்டுக் காப்பாற்றியது. அவை கட்டியிருந்த ஆவணங்கள் சாம்பலாயின. அதில் ஒன்றில் "சாப்பானின் மகன் கெமரியா" என்றிருக்கிறது. 36:10-ல் பாருக்கு சுருளை வாசித்தது அவன் அறையில்தான். அதே பகுதியில் எய்லாத் மசார் 2005-லும் 2008-லும் கண்டெடுத்த முத்திரைகளில் செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா என்ற பெயர்கள் உள்ளன. எரேமியாவைக் கொல்லக் கேட்ட அதிகாரிகளாக இருவரும் 38:1-ல் வருகிறார்கள்.

சாப்பானின் குடும்பத்தை ஒரு படமாக வரைந்து காட்டுங்கள், மிகவும் உதவும். சாப்பான் யோசியாவின் சம்பிரதி (2 இராஜாக்கள் 22). மகன் அகீக்காம் 26:24-ல் எரேமியாவின் உயிரைக் காக்கிறான். மகன் எலெயாசா 29:3-ல் கடிதத்தைப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறான். மகன் கெமரியா சுருளை எரிக்கவேண்டாமென்று ராஜாவைக் கெஞ்சுகிறான். பேரன் கெதலியா மிஸ்பாவில் அதிபதியாகி 41-ல் கொலையாகிறான். நாற்பது வருஷம் எரேமியாவுக்குப் பின்னால் நின்ற வீடு இது. அதிகாரம் வாரியாக வாசித்தால் இந்தக் குடும்பம் கண்ணிலேயே படாது.

லாகீஸ் ஓட்டெழுத்துக்கள் (உடைந்த மண்பாண்ட ஓடுகளில் எழுதியவை): 1935-ல் ஜேம்ஸ் ஸ்டார்க்கி வாசல் அறையில் 18 துண்டுகளைக் கண்டெடுத்தார். 4-ம் கடிதம் லாகீஸின் தீ அடையாளங்களை எதிர்பார்த்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறது. 34:7 கடைசியாக மீந்திருந்த அரணான பட்டணங்கள் என்று சொல்வது இந்த இரண்டைத்தான். "அசெக்கா விழுந்த இரவில் எழுதியது" என்று நாடகமாக்க வேண்டாம். காண முடியவில்லை என்பது மட்டுமே ஓட்டில் இருக்கிறது.

யோயாக்கீனின் ரேஷன் பலகைகள்: பாபிலோனில் கிடைத்து 1939-ல் எர்ன்ஸ்ட் வைட்னர் வெளியிட்டவை. ஒன்றின் தேதி 592. யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்த கணக்கு. 52:34-ஐ வாசிக்கும் நாளில் காட்டுங்கள்.

தவிர்க்க வேண்டியது: "நேரியாவின் மகன் பாருக்கு" முத்திரைகள். பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை. பின்னர் நடந்த ஆய்வில் போலி என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

32-க்கும் ஒரு குறிப்பு. 17 சேக்கல் என்பது நாணயம் இல்லை, தராசில் நிறுத்த வெள்ளி. யூதாவின் எடைக்கற்களின்படி சேக்கல் 11.3 கிராம் அளவு; 17 சேக்கல் ஏறத்தாழ 190 கிராம். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று 32:11 சொல்லும் இரட்டைப் பத்திரத்தின் வழக்கம் யூதேயா பாலைவனக் குகைகளில் கிடைத்த கி.பி. 2-ம் நூற்றாண்டுப் பத்திரங்களிலும் உண்டு: மேல்பகுதியைச் சுருட்டிக் கட்டி முத்திரை வைப்பார்கள், கீழ்ப்பகுதி பார்வைக்குத் திறந்திருக்கும். வழக்கு வந்தால் கட்டை அவிழ்த்து ஒப்பிடலாம்.

---

பனையோலை

சுருள்தேடி 22-ஐப் பற்றியும் 45-ஐப் பற்றியும் சொன்னது சரி. அதற்கேற்ப 12 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். 1-ம் வாரம்: பெயர்த்தாள், 1-ம் அதிகாரம், 2 இராஜாக்கள் 22–23. 2: 2–6. 3: 7, 26. 4: 46:2-12, 25, 47. 5: 36 மட்டும், வேறு எதையும் சேர்க்காதீர்கள். 6: தேதியில்லாத புலம்பல் ஜெபங்களோடு 18–20. 7: 21:11–23:40 முழுசாக, கூடவே 35. 8: 24, 27–29, 51:59-64. 9: 21:1-10, 34, 37. 10: 30–33. 11: 38, 39, 52. 12: 40–45.

9-ம் வாரம்தான் கனமானது. 37:5-ஐ முதலில் வாசித்துவிட்டு 34-க்குப் போனால் நேரம் மிச்சமாகும். 11-ம் வாரத்தில் 39:15-18, எரேமியாவைக் காப்பாற்றிய அரமனை ஊழியன் எபெத்மெலேக்குக்குச் சொன்ன வார்த்தை, பட்டணம் விழுந்தபின் அச்சாகியிருக்கிறது. அது சொல்லப்பட்டது எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்தபோது. அவரைத் துரவிலிருந்து தூக்கியெடுத்த 38:7-13 முடிந்தவுடன் அந்த நான்கு வசனத்தை வாசித்துவிட்டு 38:14-க்குத் திரும்புங்கள்.